சளி பிடித்த கிட்டார்

ஜனவரி 4

தம்பிக்கு,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: நான். நீ. ஜன்னலோரம் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த உன் பெண்டாட்டி. பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் தூங்கிய உன் அத்தான். டீ டம்ளரோடு கதவில் சாய்ந்து நின்ற, எங்கள் ஆஸ்பத்திரிப் பாட்டுக் குழுவின் கீபோர்டுக்காரர். மொத்தம் ஐந்து பேர். வியாழக்கிழமை, மணி மூன்றரை. நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தேன். நீ நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தாய். இரண்டாவது பட்டன் மட்டும் கறுப்பு நூலில் தைத்தது.

மேஜை மேல் என் எலெக்ட்ரிக் கிட்டார். "முடிஞ்சிடுச்சுக்கா. கம்பிக்கு அடியில சத்தம் வாங்குற பிக்கப் ரெண்டையும் புதுசா மாத்திட்டேன். வாசிச்சுப் பாரு" என்றாய். பழசு எங்கேடா என்று கேட்டேன். "எடைக்குப் போட்டாச்சு" என்றாய். கீபோர்டுக்காரர், "அப்பாடா, உங்க கிட்டாருக்கு இருந்த சளி ஒரு வழியா போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். அவர் சிரித்ததை விடு, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தலைமை என்ற நினைப்பு, லாண்டரிக்காரி கிட்டார் வாசிப்பதே அவருக்குச் சிரிப்புத்தான். உன் அத்தான் தூக்கத்தில் சிரித்தார், எதற்கென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. உன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டாள், அதனால் பாதிதான் கணக்கு. நீ பல் தெரியச் சிரித்தாய்.

ஒன்பது வருஷம் ஆகிறது. சிரித்தவர்கள் பட்டியலை எழுதி இன்னும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு உறையில் போட்டு ஜிப்பை இழுத்தவள்தான். அதற்கப்புறம் ஒரு தடவை போனில் பேசினேன், நீ நடுவில் வைத்துவிட்டாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது, பிழை இருந்தால் சிரிக்காதே. ஏற்கெனவே சிரித்தது போதும்.

விஷயம் இதுதான். மார்ச் ஆறாம் தேதி ஆஸ்பத்திரிக்கு ஐம்பது வயது. எங்கள் பழைய ஊழியர் பாட்டுக் குழுவை மேடையேற்றப் போகிறார்கள். பாடுவது மைக்கக்கா, அதே பழைய நர்ஸ்தான், ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறவில்லை. கீபோர்டுக்காரர் அவளிடம், "அவங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும், கிட்டார் சத்தம் என் கீபோர்டுலயே வருது" என்றாராம். மைக்கக்கா, "ஒத்திகைக்கு வரட்டும், கேட்டுட்டு முடிவு பண்ணுவோம்" என்றாளாம். ஒத்திகை பிப்ரவரி 18. முப்பத்தொரு வருஷம் அந்தக் கட்டடத்தின் அத்தனை படுக்கைக்கும் போர்வை மடித்தவள் நான். அந்த மேடையில் எனக்குப் பதிலாக ஒரு பட்டன் நிற்கக் கூடாது.

உறையைத் திறந்து வாசித்துப் பார்த்தேன். நீ மாட்டிய பிக்கப் கத்துகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த மாதிரி. என் சத்தம் அதில் இல்லை. நீ என்ன மாட்டினாய், அதை எடுத்துவிட்டு என்ன வாங்கி மாட்டினால் என் சத்தம் வரும், இரண்டையும் எழுது.

இது சமாதானக் கடிதம் இல்லை. ரிப்பேர் கடிதம்.

இப்படிக்கு,
உன்னோடு பிறந்தவள். அது என் தப்பில்லை.


ஜனவரி 11

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். உன் தம்பி பெண்டாட்டிதான் பிரித்தாள். படித்துவிட்டு, "பாதிதான் கணக்காம்" என்று இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்.

பழைய பிக்கப்பில், கம்பிகள் முடிகிற பாலத்துப் பக்கம் இருந்தது செத்துப்போயிருந்தது. சுருளில் கம்பி அறுந்து, மீட்டரில் முள் அசையவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஜோடி சேராது என்று இரண்டையும் மாற்றினேன். அப்போது நான் மாட்டியது ரொம்பச் சூடான வகை. நிறைய சுற்று, கனமான காந்தம். கடையில் அதுதான் நல்லது என்றார்கள், நானும் நம்பினேன். கத்துகிறது என்று நீ சொல்வது சரி.

இனி வாங்குவதற்கு எனக்குச் சில அளவு வேண்டும். ஒன்று, பாலத்துக்குப் பக்கத்தில் முதல் கம்பியிலிருந்து ஆறாம் கம்பி வரை எத்தனை மில்லிமீட்டர். இரண்டு, பிக்கப் உட்கார்ந்திருக்கும் குழியின் ஆழம். மூன்று, கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பிலிருந்து உள்ளே எத்தனை வயர் போகிறது.

நான்காவதுதான் முக்கியம். உனக்கு எந்த மாதிரிச் சத்தம் வேண்டும்? தடித்ததா, பளிச்சென்றதா, மெத்தென்றதா? இதை மீட்டரால் அளக்க முடியாது. நீதான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நான் சிரித்தது பற்றி. அது

சரி, அது பிறகு.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

முதல் கம்பியிலிருந்து ஆறாம் கம்பிக்கு ஐம்பத்திரண்டு. குழியின் ஆழம் பத்தொன்பது. வயர் ஒன்றே ஒன்று, மேலே வெள்ளிப் பின்னல் போட்டது. அளந்தது நான், டார்ச் பிடித்தது உன் அத்தான். "நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்துற?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்கிறார். சமையலுக்கும் இதுதான், வெள்ளம் வந்து வாசற்படி மூழ்கியபோதும் இதுதான்.

"அது பிறகு" என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு அறுபத்தெட்டு வயது. எப்போது பிறகு?

சத்தம் எப்படி வேண்டும் என்று கேட்டாய். அதைச் சொல்லத் தெரியாமல் கடைக்குப் போனேன். மணிக்கூண்டுக்குப் பின்னால், மாடியில், வாத்தியக் கடை. அங்கே இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும், முடியைக் கட்டி முதுகில் விட்டிருந்தார்.

"யாருக்கும்மா, பேரனுக்கா?"

"எனக்கு."

"அப்போ யுகுலேலே அந்தப் பக்கம் இருக்கு. நாலே கம்பிதான், விரல் வலிக்காது."

"தம்பி, ஹம்பக்கர் பிக்கப் போட்ட கிட்டார் எத்தனை வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் எடுங்க. ஆம்ப்ளிஃபயர்ல திருகு எல்லாம் நடுவுல வைங்க. எக்கோ வேண்டாம், அது அழுக்கை மறைக்கிற கஞ்சி மாதிரி."

அதற்கப்புறம் அவர் யுகுலேலே பற்றிப் பேசவில்லை. ஆறு கிட்டார் எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரே வரியை வாசித்தேன், நாங்கள் கடைசியாக வாசிக்கிற மெதுவான பாட்டில் வருமே அந்த இடை இசை. முதலாவது தடிப்பு, நனைந்த போர்வை மாதிரி. இரண்டாவது சலசலப்பு. மூன்றாவது அழகாகத்தான் இருந்தது, ஆனால் எல்லோருக்கும் வணக்கம் போடுகிற அழகு. நான்காவதில் டியூப்லைட் இரைச்சல் வந்தது. அவர், "இது ஒத்தைச் சுருள்மா, அதான் இரையுது. ஹம்பக்கர்ல ரெண்டு சுருள், ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பக்கமா சுத்தியிருக்கும், ரெண்டும் சேர்ந்தா இரைச்சல் அடங்கிடும்" என்று எனக்கே பாடம் எடுத்தார். ஹம்பக்கர் கேட்டேன், ஒத்தைச் சுருள் ஏன் எடுத்தீர்கள் என்றேன். மன்னிப்புக் கேட்டார். குறித்துக்கொண்டேன். ஐந்தும் ஆறும் ஒன்றுக்கொன்று தங்கச்சி.

ஆறுமே நல்ல சத்தம். ஆறுமே வேறு யாரோ.

வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்து ஒரு கேசட்டைக் கண்டுபிடித்தேன். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நோயாளிகள் கூடத்தில் நாங்கள் வாசித்தது. அதில் இருக்கிறது என் சத்தம். காய்ந்து விறைத்த வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உதறு உதறினால் வருமே, அதற்குப் பின்னால் ஒரு சின்ன விம்மல் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. மூக்கால் பேசுகிற மாதிரி, ஆனால் பொய் பேசாத மூக்கு. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. கேசட்டை இதோடு அனுப்புகிறேன். தொலைத்தால் கடிதமும் கிடையாது.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

கேசட் பத்திரமாக வந்தது. ஓடுகிற டெக் ஒன்று என் ரிப்பேர் கடையில் இருந்தது, தூசி தட்டி, அதன் ஒலித்தலையைத் துடைத்துப் போட்டேன். கடை இப்போது தையற்கடைக்கு மேலே. கீழே நான்கு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உன் இடை இசை வந்ததும் ஒவ்வொன்றாக நின்றது. தையற்காரம்மா மாடிப்படியில் பாதி ஏறி வந்து, "யாருங்க இது வாசிக்கிறது?" என்றார். எங்க அக்கா என்றேன். அதைச் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது.

மகளுக்கு இது எட்டாம் மாதம். இங்கேதான் இருக்கிறாள். அவளும் கேட்டாள். வயிற்றுக்குள் உதைக்கிறதாம்.

இனி பிக்கப். கேசட்டைப் பதினேழு தடவை கேட்டேன். உன் பழைய பிக்கப்பில் சுற்று குறைவு. அதனால் அதே மாதிரி மிதமான வகையைத் தேடினேன். மூன்று ஜோடி பார்த்தேன். ஒன்று மெழுகில் முக்காதது, வாசிக்கும்போது ஊளையிடும், மேடைக்கு ஆகாது. இன்னொன்றுக்குக் கம்பி இடைவெளி ஐம்பதுதான், உன் ஆறாம் கம்பி வெளியே நின்று எட்டிப் பார்க்கும். மூன்றாவதை எடுத்தேன். அல்னிகோ காந்தம், பழைய காலத்து மென்மை. மீட்டரில் கழுத்துப் பக்கத்துக்கு ஏழரை கிலோ ஓம், பாலத்துப் பக்கத்துக்கு எட்டு. நீ இப்போது வைத்திருப்பது பதினாறு. பாதிதான் பேசும், ஆனால் தெளிவாகப் பேசும்.

ஒவ்வொன்றிலும் நான்கு வயர் இருக்கிறது. உன் பழசில் ஒன்றுதான் இருந்தது. நான்கு எதற்கென்று கேட்காதே. இருக்கட்டும்.

வயர்களை எப்படி ஈயம் வைத்து ஒட்டுவது என்று படம் போட்டு வைத்திருக்கிறேன். நிதானமான கை உள்ளவர் யாராவது ஒட்டட்டும். நீ ஒட்டாதே, உனக்குப் பொறுமை கிடையாது. இதை எழுதச் சொன்னது உன் தம்பி பெண்டாட்டி.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

பார்சல் வந்தது. முனைத்தெருவில் போன் ரிப்பேர் பண்ணுகிற பெண்ணிடம் கொடுத்தேன். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, உன் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் தலை நிமிராமல் ஒட்டினாள். "படம் போட்டவர் நல்லாப் போட்டிருக்காருங்க" என்றாள். எனக்குப் பெருமை வந்தது. உடனே அடக்கிக்கொண்டேன்.

வாசித்தேன். கழுத்துப் பக்கம் மட்டும் வைத்தால் தேன். பாலத்துப் பக்கம் மட்டும் வைத்தால் கண்ணாடி. கத்தல் போய்விட்டது. நல்ல பிக்கப், நீ நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய், அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

ஆனால் சுவிட்சை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்து வாசித்தால், அது இல்லை. பெருக்கித் துடைத்துச் சாமானெல்லாம் அடுக்கி வைத்த வீடு. என் வீடு இல்லை. அந்த விம்மல் வரவில்லை. நான்கு நாளாக வாசிக்கிறேன். உன் அத்தானைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும்.

ஒருவேளை அப்படி ஒரு சத்தமே இல்லையோ, கேசட் நாடா தேய்ந்து போனதால்தான் அப்படிக் கேட்கிறதோ, நான்தான் முப்பது வருஷமாக ஒரு பிரமையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேனோ என்று நேற்று தோன்றியது. எனக்கு ஞாபகம் தப்பியதே கிடையாது, உனக்குத் தெரியும். சந்தேகம் வந்தது இதுதான் முதல் தடவை. பிடிக்கவில்லை.

ஒத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள். இதே சத்தத்தோடு போனால் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அமுக்கி, "பாருங்க, இதேதான்" என்பார். அவர் சொல்வது உண்மையாக இருக்கும். அதுதான் தாங்க முடியாதது. போகாமல் இருந்துவிடலாமா என்று பார்க்கிறேன்.

நீ எதையோ மறைக்கிறாய். நான்கு வயர் எதற்கென்று கேட்காதே என்றாய். கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

பிரமை இல்லை. அந்தச் சத்தம் இருந்தது. நான்தான் அதைச் செய்தேன். நான்தான் அதை அழித்தேன். கூரியரில் அனுப்புகிறேன், தபாலுக்கு நேரமில்லை.

எனக்குப் பத்தொன்பது வயது. ரேடியோ கடையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே டெக்னீஷியனிடம் நீ அந்தக் கிட்டாரை வாங்கி வந்தபோது கழுத்துப் பக்கத்துப் பிக்கப் பேசவில்லை. "நான் பாத்துக்கிறேன்கா" என்று எடுத்துக்கொண்டு போனேன். முடியைவிட மெல்லிய கம்பி, கையால் சுற்றினேன், ஆறு நாள். சுற்றி முடித்துக் காந்தத்தை உள்ளே வைக்கும்போது தலைகீழாக வைத்துவிட்டேன். அப்போது எனக்குத் தெரியாது.

தலைகீழாக வைத்தால் தனியாக வாசிக்கும்போது ஒன்றும் தெரியாது. இரண்டையும் சேர்த்தால் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும். பாதிச் சத்தம் பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும். மிச்சம் இருப்பது அந்த மூக்குச் சத்தம். தொழில் தெரிந்தவர்கள் அதைப் பிழை என்பார்கள். எனக்கு ஒரு மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் நீ லாண்டரி முழுக்கச் சொல்லிவிட்டாய், "என் தம்பி சுத்தினது, இந்தச் சத்தம் யார்கிட்டயும் கிடையாது" என்று. நான் எப்படிச் சொல்வேன்?

அப்புறம் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் கீபோர்டுக்காரர், "உங்க கிட்டாருக்குச் சளி" என்பார். நீ கோபப்படுவாய். எனக்கு அவர் சொல்வது சரி என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் என் தப்பைத்தான் அவர் மேடையில் சொல்லிச் சிரிக்கிறார் என்று கூசும். பாலத்துப் பக்கம் செத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, அக்கா. இதுதான் சாக்கு என்று இரண்டையும் எடுத்தேன். கழுத்துப் பக்கத்தை எடைக்குப் போடவில்லை. திறந்து பார்த்தேன், காந்தம் தலைகீழாகத்தான் இருந்தது. திறக்கும்போது கம்பி அறுந்தது. அன்றைக்குச் சிரித்தேனே, அது உன்னைப் பார்த்துச் சிரித்தது இல்லை. இருபத்தைந்து வருஷத் தப்பு ஒன்று என் முதுகைவிட்டு இறங்கியதற்குச் சிரித்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை.

கேசட்டைப் பதினேழு தடவை கேட்டது பிக்கப் தேர்ந்தெடுப்பதற்காக இல்லை. அது தப்பு இல்லை, நல்ல சத்தம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு அத்தனை தடவை ஆயிற்று. அதனால்தான் நான்கு வயர் உள்ளதாக வாங்கினேன். வாங்கியும் உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நேராக ஒட்டுகிற மாதிரியே படம் போட்டேன்.

இனி இப்படிச் செய். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பில் கறுப்பு வயரையும் பச்சை வயரையும் இடம் மாற்றி ஒட்டச் சொல். சிவப்பும் வெள்ளையும் முறுக்கியது அப்படியே இருக்கட்டும். உறையில்லாத கம்பியைத் தொட வேண்டாம். காந்தத்தைத் திருப்பியதும் இதுவும் ஒன்றுதான். ஐந்து நிமிஷ வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் இதைச் செய்திருக்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. இங்கே ஒரு கிட்டாரில் அப்படியே மாற்றி ஒட்டிப் பார்த்தேன். சத்தம் வருகிறது, ஆனால் தகரம் மாதிரி ரொம்ப மெலிந்து வருகிறது. கேசட்டில் அதற்கு உடம்பு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். பொய். இரண்டு தடவை சாப்பிட்டேன், கோபத்தில் பசி எடுக்கும் எனக்கு.

முதலில் உனக்குப் புரியாத விஷயத்துக்குப் பதில். கழுத்துப் பக்கத்து வால்யூமை முழுசாக வைக்கக் கூடாதுடா. பத்தில் வைத்தால் தகரம்தான். ஏழில் வைக்க வேண்டும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் சுண்டுவிரலால் ஒரு இழை தள்ளினால் உடம்பு வரும், விம்மல் போகாது. அந்தக் கிட்டார் கைக்கு வந்த இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. நீ ஒன்றைத் தலைகீழாக வைத்தாய், நான் ஒன்றைக் குறைத்து வைத்தேன். பாதித் தப்பு உன்னுடையது, மீதிச் சத்தம் என்னுடையது. முப்பது வருஷமாக அதை முழுக்க உன் பெருமையாக ஊரெல்லாம் சொன்னேன் பார், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

தப்பு செய்தாய், பரவாயில்லை. அதைச் சரி பண்ணினாய் பார், அதுதான் பெரிய தப்பு. என்னிடம் கேட்டிருக்கலாம். நான் கடிக்கிறவளா? சரி, கடிக்கிறவள்தான். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

போன் ரிப்பேர்ப் பெண் ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டாள். கடைக்குள்ளேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் போட்டேன். சுவிட்ச் நடுவில், கழுத்துப் பக்கம் ஏழு. ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். அந்தப் பெண் பதறி, "அய்யோ, ஏதோ தப்பா ஒட்டிட்டேன் போல இருக்கே, குடுங்க குடுங்க" என்று கையை நீட்டினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். பாவம், அவளும் சேர்ந்து அழுதாள், எதற்கென்று தெரியாமல். போன் வாங்க வந்த இரண்டு பேர் வெளியே நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஒத்திகை முந்தாநாள். இரத்த வங்கிக்குப் பின்னால் இருக்கிற கூடம். மெதுவான பாட்டு வரும்வரை நான் நல்ல பிள்ளையாகத் தாளம் தட்டினேன். இடை இசை வந்ததும் சுவிட்சை நடுவில் போட்டேன். மைக்கக்கா பாடவேண்டிய இடத்தில் பாடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆம்புலன்ஸ் டிரைவர் டிரம்ஸிலிருந்து குச்சியை எடுத்துவிட்டார். கீபோர்டுக்காரர் எழுந்து வந்தார். சளி என்று மட்டும் சொல்லட்டும் என்று தயாராக இருந்தேன்.

"இதை என் கீபோர்டுல மூணு வருஷமா தேடுறேங்க" என்றார். "எந்த நம்பர்லயும் இல்லை."

"சளின்னீங்களே?"

"சொன்னேன். அந்தச் சளி போனப்புறம்தான் குழுவே எனக்குச் சப்புனு ஆயிடுச்சு. உங்ககிட்ட வந்து சொல்ல வாய் வரலை."

அப்புறம் அவர் கீபோர்டில் இருந்த கிட்டார் பட்டனுக்கு மேல் மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டினார், கை தவறிக்கூட அமுங்கிவிடக் கூடாதாம். சிரித்தவர்கள் பட்டியலிலிருந்து அவரை எடுத்துவிட்டேன். பென்சிலால்தான் அடித்திருக்கிறேன்.

மார்ச் ஆறு. மாலை ஐந்து மணி. நீயும் அவளும் வருகிறீர்கள். கேள்வி இல்லை.

அக்கா


மார்ச் 5

அக்கா,

வர முடியவில்லை. இதையும் கூரியரில்தான் அனுப்புகிறேன். ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது மகளுக்கு வலி வந்துவிட்டது. இன்று காலை ஏழேகாலுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ. எல்லோரும் நலம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலியில் முழங்காலை மேஜையாக வைத்து எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது, அதற்குச் சந்தோஷமும் காரணம்.

குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்டு உன் தம்பி பெண்டாட்டி என்ன சொன்னாள் தெரியுமா? "அப்படியே அண்ணி கிட்டார்" என்றாள். மூக்காலேயே அழுகிறது. காந்தம் எதுவும் நான் வைக்கவில்லை.

வராததற்கு இன்னொரு ஒன்பது வருஷம் ஆக்கிவிடாதே. நன்றாக வாசி. ஏழில் வை.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

தாத்தா ஆனவனுக்கு வாழ்த்து. குழந்தையை மூக்கு என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார் உன் அத்தான். நீங்கள் வராதது கணக்கில் சேராது, காரணம் மூன்று கிலோ இருக்கிறது.

நிகழ்ச்சி எப்படிப் போனது என்று முறையாக எழுதுகிறேன். கூடம் நிறைந்து ஜன்னலிலும் ஆட்கள். லாண்டரியிலிருந்து பதினொரு பேர் வெள்ளை உடுப்போடு முன்வரிசையில், டாக்டர்களுக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் எழுப்பவில்லை. ஐந்து பாட்டும் நன்றாகப் போயின. ஆறாவதுதான் மெதுவான பாட்டு. இடை இசை எனக்கு. சுவிட்சை நடுவில் போட்டேன், சுண்டுவிரலால் ஒரு இழை குறைத்தேன், முதல் வரி வாசித்தேன். கூடத்தில் இருமல்கூட இல்லை. என் சத்தம் பின் சுவர்வரை போய், அங்கே தொட்டுவிட்டுத் திரும்பி வந்ததை நான் கேட்டேன்.

இரண்டாவது வரியில் காணவில்லை. விரல் வாசிக்கிறது, சத்தம் வெளியே வரவில்லை. என் பக்கத்து ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது, பெரிய ஸ்பீக்கரில் இல்லை. பார்த்தால், ஒலிப்பெருக்கி மேஜையில் உட்கார்ந்திருந்தவர் வயர் ஏதோ போய்விட்டது என்று நினைத்து என் சத்தத்தை மொத்தமாகக் கீழே இறக்கிவிட்டு, டார்ச்சும் கையுமாக வயரைத் தேடிக் குனிந்துகொண்டிருக்கிறார். நான் நிறுத்தவில்லை. கேட்காவிட்டாலும் வாசிப்பேன் என்று வாசித்தேன். அப்போது கீபோர்டுக்காரர் தன் வாத்தியத்தை அப்படியே விட்டுவிட்டு மேடையிலிருந்து குதித்தார். அறுபத்தைந்து வயது, குதித்தார். மேஜைக்கு ஓடி, என் பெயர் எழுதிய பட்டனை அவரே மேலே தள்ளினார். "தப்பு இல்லைய்யா, அதுதான் சத்தமே" என்று அவர் கத்தியது மைக்கில் விழுந்து கூடம் முழுக்கக் கேட்டது. நான்காவது வரி முழுசாக வந்தது. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டார்கள். லாண்டரிப் பெண்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். கிட்டாரோடு. இரண்டு வாரம் இருப்பேன். குழந்தைக்கு மேடை வேண்டாம், ஆம்ப்ளிஃபயர் போதும், ஒன்றை ரிப்பேர் பண்ணித் தயாராக வை. தையற்காரம்மாவையும் கூப்பிடு. அவள் படியில் பாதிதான் ஏறினாள் என்று எழுதியிருந்தாய், மீதியும் ஏறட்டும்.

உன்னை மன்னித்துவிட்டதாக நான் எங்கேயும் எழுதவில்லை. பழைய கடிதங்களை எடுத்து வைத்துத் தேடாதே. பட்டியலை நேற்று கிழித்துவிட்டேன், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக வைத்திருந்தது, கிழித்த பிறகு கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதனால் இன்று காலை புதுத் தாளில் ஒன்று தொடங்கியிருக்கிறேன். அதில் இப்போதைக்கு ஒரே ஆள். நிகழ்ச்சி முடிந்து என்னிடம் வந்தார், இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், "இப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லைம்மா, அதான் பயந்துட்டேன்" என்றார், என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷன். படத்துக்குச் சிரித்தேன். ஆனால் இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும் போனது போனதுதான், அவை இனி வராது. யார் வந்து சொன்னாலும் மன்னிக்க மாட்டேன். மேடைக்கு வலது பக்கம், மஞ்சள் ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த சவுண்டுக்காரர்.

அக்கா